மில் ஆட்டிய தொட்டில்

அந்த வீட்டுக் குழந்தைக்குத் தாலாட்டு பாட ஆளே தேவையில்லை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான். மாவு மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர்மேல் படுத்திருந்த பெரிய மரச்சட்டம் இந்தப் பக்கத்துக் கூரையையும் அந்தப் பக்கத்துக் கூரையையும் சேர்த்தே தாங்கியது. காலையில் மில்லுக்காரன் மோட்டாரைப் போட்டதும் பெல்ட் ஓடும், கல் சுற்றும், சட்டம் முழுக்க ஒரு நடுக்கம் பிடிக்கும். வீட்டுப் பக்கம் அதே சட்டத்தில் கட்டியிருந்த துணித்தொட்டில் யாரும் தொடாமலே ஆடத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கிற சின்னது கொட்டாவி விட்டுக் கண்ணை மூடும். அப்புறம் சாயங்காலம் மோட்டார் நிற்கிறவரை இடி விழுந்தாலும் எழுந்திருக்காது.

தொட்டிலை அங்கே கட்டியது தாயின் யோசனை. கல்யாணத்துக்கு முன்னால் துணி தைத்துக் கொடுத்தவள் என்பதால் இந்தத் தெருவுக்கு வந்த பிறகும் அவள் தையல்காரிதான். பிறந்த புதிதில் குழந்தை மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. மில்லிலோ தானியம் கொண்டுவருகிறவர்களுக்கு எடை போட ஆள் வேண்டும். இடுப்பில் குழந்தையும் கையில் படிக்கல்லுமாக அல்லாடியவள், ஒருநாள் வேறு வழி தெரியாமல் பழைய போர்வையைச் சட்டத்தில் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

மில்லுக்காரனுக்கும் பெருமைதான். குழந்தையை அடிக்கடி தானியத் தராசில் வைத்து எடை பார்ப்பான். "குட்டி மூட்டை ஏறிடுச்சு" என்பான். அதுவே பெயராகிவிட்டது. மகள் தூங்கவேண்டுமென்று சாப்பாட்டு நேரத்தில்கூட அவன் மோட்டாரை நிறுத்துவதில்லை. அரைக்கத் தானியம் இல்லாவிட்டால் தவிட்டைக் கொட்டி ஓட்டினான். வெறும் தவிடு ஓட்டினால் கல் சீக்கிரம் மழுங்கிவிடும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். பெற்ற பாசத்தில் எந்த மில்லுக்காரனும் செய்யாத காரியத்தைச் செய்தான்.

கேடு இரவில் வந்தது. மோட்டார் நின்ற கையோடு குட்டி மூட்டை கண்ணை அகல விழித்துக்கொள்வாள். நாளெல்லாம் தூங்கி எழுந்தவளுக்கு அப்போதுதான் பொழுது விடிந்த மாதிரி. முதலில் சிரிப்பு, அப்புறம் விளையாட்டு, அப்புறம் அழுகை. ஊர் அடங்கிய பிறகு அவள் அடங்கமாட்டாள். ஆளுக்கு ஒருதரம் தோளில் போட்டு நடந்து நடந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. "பகல்ல மில்லை ஓட்டுறேன், ராத்திரி புள்ளையை ஓட்டுறேன்" என்று மில்லுக்காரன் சிரித்துக்கொண்டே சொல்வான். நாளாக நாளாக அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

அந்த வீட்டில் இரவில் நிம்மதியாகத் தூங்கியவள் மில்லுக்காரனின் அக்கா ஒருத்திதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணம் ஆகவில்லை. மில்லில் மாவு விழுகிற இடம் அவளுடையது. துணிக்குழாய் வழியாக இறங்கும் மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, கொரகொரப்பாக இருந்தால் தம்பியைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள். அவன் கல்லை இறுக்குவான். அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே பேசிக்கொள்வது கையாலும் முகத்தாலும்தான். தையல்காரியும் அதில் பாதி கற்றிருந்தாள். நாத்தனாரோடு அவளுக்கு ஒரு சண்டையும் கிடையாது, கதவைத் தவிர. எந்தக் கதவைத் திறந்தாலும் அவள் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். பாத்திரத்தை வைத்தால் உலகமே அதிரும். சத்தம் என்று ஒன்று இருக்கிறது, அது மற்றவர்களைத் தொந்தரவு செய்யும் என்பதெல்லாம் அவள் கணக்கில் வராத விஷயம்.

குட்டி மூட்டை உட்காரப் பழகியிருந்த சமயம். முட்டைக்காரம்மா சோளம் அரைக்க வந்தாள். ஊரில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"ஏம்மா தையலு, எங்க உன் மூட்டை?" என்று கத்தினாள். மில் ஓடும்போது யாராயிருந்தாலும் கத்தத்தான் வேண்டும்.

"உள்ள தூங்குதுங்க!"

"இந்தச் சத்தத்துலயா? வாசல்ல நிக்கிற எனக்கே காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு!"

"சத்தம் இருந்தாத்தான் எங்க பொண்ணுக்குத் தூக்கமே! வந்து பாருங்க."

முட்டைக்காரம்மா உள்ளே வந்து தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். கன்னத்தைத் தொடவில்லை. குனிந்து, "ஏ குட்டி!" என்று கூப்பிட்டாள். கை தட்டினாள். பக்கத்தில் கிடந்த தகர டப்பாவை எடுத்து வளையலால் படபடவென்று தட்டினாள். குட்டி மூட்டையின் இமைகூட அசையவில்லை.

"எத்தனை குழந்தை பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லைம்மா" என்றாள். பிறகு மில் பக்கம் திரும்பி, மாவுத் தகரத்தின் முன்னால் குனிந்திருந்த நாத்தனாரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தையல்காரியின் காதோரம் வந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கெதுக்கு வம்பு. இருந்தாலும் வீட்டுல ஒருத்தர் இருக்காங்கல்ல. ரத்தம் ரத்தம்தானே. ஒருதரம் பார்த்துக்க."

சோளமாவை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். 

அதற்குப் பிறகு தையல்காரிக்கு வேலையில் கை ஓடவில்லை. எடை போடும்போது கணக்கு தப்பியது. நொடிக்கொருதரம் உள்ளே போய்த் தொட்டிலைப் பார்த்தாள். குழந்தை தூங்கினால் பயம், அசையாமல் தூங்கினால் இன்னும் பயம். பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே தூக்கம் இப்போது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் அதற்கு நேரமே இல்லை. பகலில் மில் சத்தத்தில் அவள் கை தட்டுவது அவளுக்கே கேட்காது. சாயங்காலம் ஓய்ந்த பிறகு குழந்தையின் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டினாள். குழந்தை திரும்பியது. உயிர் வந்தது. அடுத்த கணமே, விளக்கு தன் முதுகுப் பக்கம் இருப்பதையும் தன் நிழல் குழந்தையின் முன்னால் ஆடுவதையும் பார்த்தாள். நிழலைப் பார்த்துத் திரும்பியதோ என்னவோ. மறுபடி ஆட்டினாள். குழந்தை தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பாமல் இருந்தது. கேட்கவில்லையா, கேட்டும் கால் விரல்தான் பெரிது என்று நினைத்ததா? யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் புருஷனுக்குச் சாப்பாடு போட்டபோது அவளால் அடக்கமுடியவில்லை. மில் சத்தத்தில் கேட்கவேண்டுமே என்று அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் நாத்தனார் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கக்கூடத் தெம்பில்ல. கேளு."

"நம்ம குட்டிக்குக் காது கேக்குதா?"

அவன் கை பாதியில் நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு."

"முட்டைக்காரி வந்துட்டுப் போனாளே, அவ சொன்னாளா?"

"யார் சொன்னா என்னங்க? இவ்வளவு சத்தத்துல ஒரு குழந்தை எப்படிங்க தூங்கும்? டப்பாவைக் காதுகிட்ட வச்சுத் தட்டுனாலும் அசையல."

"பழகிடுச்சு, தூங்குது. நான் தூங்கலையா? சின்ன வயசுல எங்கப்பா மில்லை ஓட்டுறப்ப இங்கதான் மூட்டை மேல படுத்துத் தூங்குவேன். எனக்கென்ன, செவிடா?"

"அதுக்கில்லைங்க..."

"எதுக்கில்ல? எங்கக்கா மாதிரி ஆயிடுமோன்னு பயப்படுற. அதை வாயைத் திறந்து சொல்லேன்." அவன் தட்டைத் தள்ளினான். "அவ என்ன குறைஞ்சுபோயிட்டா? உன்னைவிட, என்னைவிட வேலை செய்யறா. ஒரு நாள் ஒரு பொழுது யாருக்காவது பாரமா இருந்திருக்காளா?"

தையல்காரி அழுதுவிட்டாள். "நான் அவங்களைக் குறை சொன்னேனா? அவங்களை நாலு பேர் கூப்பிடுற விதத்தை நீங்களும் கேக்குறீங்க, நானும் கேக்குறேன். கடைக்குப் போனா அவங்க காசு கொடுத்த பின்னாடிகூட நம்ம முகத்தைப் பார்த்துத்தானே பேசுறானுங்க. என் பொண்ணுக்கும் அப்படியான்னு நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. பெத்தவ பயப்படக்கூடக் கூடாதா?"

அவன் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். பிறகு குரல் இறங்கியது. "பைத்தியம். நீயே யோசிச்சுப் பாரு. சாயங்காலம் மோட்டாரை நிறுத்துன உடனே முழிச்சுக்குதுல்ல? சத்தம் நின்னது தெரியாமலா முழிச்சுக்குது? காது கேக்காத குழந்தைக்குச் சத்தம் இருந்தா என்ன, நின்னா என்ன?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அட, ஆமாம். இது தனக்குத் தோன்றவில்லையே. போன உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் மோட்டார் நின்றபோது தொட்டிலோரம் காத்திருந்து, குட்டி மூட்டை கண் விழித்ததைப் பார்த்துக் குழந்தையின் முகமெல்லாம் முத்தமிட்டாள். நாலைந்து நாள் அந்த நிம்மதியில் ஓடியது. அன்றைக்கு அழுத அழுகையை நாத்தனார் பார்த்தாளா என்று மட்டும் அவளுக்கு உறுத்தலாக இருந்தது. நடுவிலிருந்த கதவு வழக்கம்போலத் திறந்துதான் கிடந்தது.

தவிடு ஓட்டிய பலன், கல் மழுங்கி மாவு சூடாக இறங்கத் தொடங்கியது. இனிக் கல் கொத்தாமல் முடியாது. மில்லுக்காரன் பட்டப்பகலில் மோட்டாரை நிறுத்தினான். மேல்கல்லைப் புரட்டிப்போட்டு உளியால் வரி வரியாகக் கொத்தவேண்டும், அரைநாள் வேலை.

அந்த நேரத்தில் தையல்காரி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தகரம் கழுவிக்கொண்டிருந்தாள். மோட்டார் நின்றது. உள்ளே தொட்டிலிலிருந்து சிணுங்கல் வந்தது. தையல்காரி சிரித்துக்கொண்டே ஓட எடுத்த கால் அப்படியே நின்றுவிட்டது. நாத்தனாரும் தலையை நிமிர்த்தியிருந்தாள். கையிலிருந்த தகரத்தை வைத்துவிட்டு மில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து மில் தெரியாது. வெறும் சுவர்தான் தெரியும்.

தையல்காரி அவள் முன்னால் போய் நின்று கையால் கேட்டாள். மில் நின்றது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இதென்ன கேள்வி என்பதுபோல நாத்தனார் சிரித்தாள். ஈரக்கையால் தரையைத் தட்டிக் காட்டினாள். சுவரில் உள்ளங்கையை வைத்து, விரல்களை நடுங்கவிட்டு, பிறகு நடுக்கத்தை நிறுத்திக் காட்டினாள். அதோடு விட்டாளா? குழந்தையின் அழுகை அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் தொட்டில் இருக்கும் பக்கம் கை நீட்டி, தொட்டில் நடுங்குவதுபோல் ஆட்டி, நிறுத்தி, இரண்டு கண்களையும் அகலத் திறந்து காட்டினாள். அவளும் என்னைப் போலத்தான் என்று சொல்லிச் சந்தோஷமாகச் சிரித்தாள்.

 புருஷன் கொடுத்த ஆறுதல் மொத்தமும் அந்த ஒரு சைகையில் போய்விட்டது. உள்ளே குழந்தை வீறிட்டது. தையல்காரி ஓடிப்போய்த் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். குழந்தை முன்னிலும் மோசமாக இரவெல்லாம் அழுதது. அவளுக்கு வந்த கொஞ்சத் தூக்கத்திலும், தான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் ரோட்டில் நடந்துபோகும் ஒரு பெண்ணைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தாள்.

அந்த வாரத்திலேயே மில்லில் அது நடந்தது. மில்லுக்காரன் மேலே தானியம் கொட்டிவிட்டு நின்றபடியே கண் அசந்துவிட்டான். சட்டையின் கை, ஓடுகிற பெல்ட்டின் பக்கம் சரிந்தது. கீழே மாவு வாங்கிக்கொண்டிருந்த நாத்தனார் எதற்கோ நிமிர்ந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் பாய்ந்து அவன் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மாவுத் தகரத்தின்மேல் விழுந்தார்கள். கத்தல் கேட்டுத் தையல்காரி ஓடி வந்தபோது, இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று தரையில் கிடந்தார்கள். சட்டையின் கைத்துணி கிழிந்து பெல்ட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மில்லுக்காரன் எழுந்து மோட்டாரை நிறுத்தினான்.  "நாளைக்கு நர்ஸம்மாகிட்ட போலாம்" என்றான். "இல்லேன்னா இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் போய்ச் சேர்ந்துடுவோம்."

தடுப்பூசி போடும் நர்ஸம்மா மருந்தகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்காத முகம், மிருதுவான கை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"பகல்ல எவ்வளவு நேரம் தூங்குறா?"

"மில்லு ஓடுற வரைக்கும்."

"மில்லு எவ்வளவு நேரம் ஓடும்?"

மில்லுக்காரன் தலையைச் சொறிந்தான். "காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் ஓடும். இவளுக்காக நானும் நிறுத்துறதில்லீங்க."

"நல்லா இருக்கே. அவளுக்கு வேண்டிய தூக்கத்தையெல்லாம் பகல்லயே கொடுத்துட்டு, ராத்திரி தூங்கலைன்னு என்கிட்ட வந்து சொல்றீங்க." நர்ஸம்மா குழந்தையின் காலை மெல்ல ஆட்டினாள். "அதுக்காக நாளைலேருந்து பகல் தூக்கத்தையே நிறுத்திடாதீங்க. ரொம்ப அலுத்துப்போனாலும் குழந்தை தூங்காது, சிடுசிடுன்னு அழும். காலைல ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம். பொழுது சாயற நேரத்துல வேண்டாம். முழிச்சிருக்கிறப்ப வெளிச்சத்துல விடுங்க, பேசுங்க, விளையாடுங்க. ராத்திரி ஆனா குளிக்க வச்சு, பால் கொடுத்து, விளக்கைக் குறைச்சுப் படுக்க வைங்க. தினமும் அதே மாதிரி. அவளுக்குப் பகல் எது ராத்திரி எதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். இதுவரைக்கும் உங்க மில்லு சொல்லிக் கொடுத்துட்டு இருந்திருக்கு."

மில்லுக்காரன் எழுந்தான். தையல்காரி எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு கேக்கணும்" என்றாள்.  "காது."

நர்ஸம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். முட்டைக்காரம்மாவின் டப்பா, சாவிக்கொத்து, சுவரில் வைத்த உள்ளங்கை. மில்லுக்காரன் கடைசியைக் கேட்டதும் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. கேக்குதுன்னும் சொல்ல முடியாது, கேக்கலைன்னும் சொல்ல முடியாது. அதுக்குன்னு மெஷின் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில. நான் சொல்லி வைக்கிறேன், அடுத்த மாசம் கூப்பிடுவாங்க."

"அந்தச் சத்தத்துலயே போட்டு வச்சிருந்தேனே... அதுனாலயே கெட்டுப்போயிருக்குமா?"

நர்ஸம்மா குழந்தையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தாள். "சின்னக் காது. அவ்வளவு சத்தம் நல்லதில்ல. முதல்ல தொட்டிலை அங்கேருந்து எடுங்க. சத்தம் வர்ற பக்கம் கதவைச் சாத்தியே வைங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தையல்காரிக்கு அதே நினைப்பு. ரத்தம் என்றாலாவது யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இது தன் கையாலேயே கட்டிய தொட்டில்.

முற்றத்தைத் தாண்டி, காலிச் சாக்குகள் போட்டுவைக்கிற அறை ஒன்று இருந்தது. சாக்கையெல்லாம் அள்ளிப்போட்டு, கழுவி, நாலு பக்கமும் கட்டை வைத்த சின்னக் கட்டிலை அங்கே போட்டார்கள். கனமான கதவு. சாத்தினால் மில் சத்தம் தூரத்து மழைபோலத்தான் கேட்டது. ஆனால் அங்கே குழந்தையோடு யார் இருப்பது? எடை போட, பேச, காசு வாங்கத் தையல்காரி மில்லில் நிற்கவேண்டும். மாவு விழுகிற இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள மில்லுக்காரனால் முடியும். மிச்சம் இருந்தது நாத்தனார்தான்.

தையல்காரி அதுவரை குழந்தையை அவளிடம் தனியாக விட்டதே இல்லை. அழுதால் அவளுக்கு எப்படித் தெரியும் என்பது வெளியில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் கூசினாள்.

நாத்தனார் எல்லாவற்றையும் சைகையில் கேட்டுக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து கட்டிலின் காலோடு முதுகைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். குழந்தை ஒரு காலை உதைத்தாலும் அவள் முதுகுக்குத் தெரிந்தது, உடனே திரும்பிப் பார்த்தாள். சிணுங்கினால், தையல்காரி முற்றத்தைத் தாண்டி வருவதற்குள் குழந்தை அவள் தோளில் இருந்தது.

முதல் சில நாள் நரகம். நடுக்கம் இல்லாத படுக்கையில் குட்டி மூட்டை தூங்க மறுத்தாள். கட்டிலைக் கையால் குலுக்கினால் தூங்கினாள். நிறுத்தினால் எழுந்தாள். மில்லுக்காரன், "திரும்பத் தொட்டிலைக் கட்டிடலாமா?" என்றுகூடக் கேட்டான். தையல்காரி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான். நாத்தனார் குழந்தையை முற்றத்து வெயிலில் உட்காரவைத்து மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து விளையாட்டுக் காட்டினாள். கண்ணைக் கசக்கத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தினமும் அதே நேரம், அதே போர்வை, அதே தோள். பிறகு ஒருநாள் குலுக்காமலே தூங்கினாள். மத்தியானம் தானாக விழித்தாள். இரவும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. மில்லுக்காரன் முகத்தில் ரத்தம் ஊறியது. பழைய சிரிப்பும் வந்தது.

தையல்காரிக்கு மட்டும் வரவில்லை. இப்போது அமைதியான அறை இருந்தது, அதில் தூங்குகிற குழந்தை இருந்தது. கதவருகில் நின்று ஒரே ஒருதரம் கை தட்டினால் தெரிந்துவிடும். பல நாள் அதற்காகவே முற்றத்தைத் தாண்டி வந்தாள். கைகளைத் தூக்கியும் பார்த்தாள். தட்டமுடியவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். தட்டி, குழந்தை அசையாமல் கிடந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போகும் நாத்தனார்மீது அந்தப் பயமெல்லாம் எரிச்சலாக விழுந்தது. "கதவைச் சாத்துங்கன்னு எத்தனை தரம் சொல்றது?" என்று வாயால் கத்திவிட்டு, கத்தி என்ன பயன் என்று கையால் காட்டுவாள். நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு சாத்துவாள். அடுத்த தடவை மறுபடி திறந்து கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று தானியக்காரர்கள் யாரும் வரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மில்லுக்காரன் பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். தையல்காரி சாக்கறை வாசலில் வந்து நின்றாள். குட்டி மூட்டை கவிழ்ந்து படுத்து, சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கட்டிலைவிட்டுத் தள்ளி, மூலையில் பால் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தின் பெரிய பித்தளை மூடி அவள் கை இடுக்கிலிருந்து வழுக்கியது. தையல்காரி கையை நீட்டினாள், எட்டவில்லை.

மூடி சிமெண்ட் தரையில் விழுந்து, எகிறி, சுற்றிச் சுற்றிக் கணகணவென்று அறையெல்லாம் நிரப்பியது.

குட்டி மூட்டை இரண்டு கையையும் விரித்துத் துள்ளினாள். முகம் சுருங்கியது. வீலென்று அழுதாள்.

தையல்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "கேட்டுடுச்சு... ஐயோ, கேட்டுடுச்சு..." என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நாத்தனார் முதலில் பார்த்தது குழந்தையின் அழுகையை. ஓடிப்போய்த் தூக்கினாள். திரும்பினால் வாசலில் தம்பி பெண்டாட்டி.  கீழே கிடக்கும் மூடியைக் காட்டி, தன் கையைக் காட்டி, தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். தப்பு, தப்பு, வேண்டுமென்று செய்யவில்லை.

தையல்காரி இல்லை இல்லை என்று தலையாட்டினாள். வேகமாக, சந்தோஷம் தாங்காமல், தன் காதைத் தொட்டாள், குழந்தையைக் காட்டினாள், மூடியைக் காட்டினாள். கேட்டுவிட்டது அண்ணி, இவளுக்குக் கேட்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. காதைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. நாத்தனாரின் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

 அன்றைக்குத் தையல்காரி அழுத அழுகை, முறைப்பு, முன்பெல்லாம் குழந்தையைத் தன்னிடம் தனியாக விடாதது எல்லாம் எதற்கு என்று இப்போது நாத்தனாருக்குப் புரிந்திருக்கவேண்டும். குழந்தையைக் கொண்டுவந்து தாயின் மடியில் உட்காரவைத்தாள். குனிந்து மூடியை எடுத்தாள். குழந்தைக்குப் பின்னால், அதன் கண்ணில் படாத தூரத்துக்குப் போனாள். விரல் முட்டியால் மூடியில் மெல்ல ஒரு தட்டு தட்டினாள்.

குட்டி மூட்டை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் இடம் மாறி, இன்னொரு பக்கம் நின்று தட்டினாள். குழந்தை அந்தப் பக்கம் திரும்பியது. நாத்தனார் சிரித்தாள். தன் குரல் தனக்குத் தெரியாத அந்த உரத்த, கரகரத்த சிரிப்பு. குழந்தை மூடியை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தது.

"அண்ணி" என்றாள் தையல்காரி. அதற்கு மேல் சொல்ல அவள் கையிலும் வார்த்தை இல்லை.

முற்றத்துக்கு அப்பால் மில்லுக்காரன் மோட்டாரைப் போட்டான். தரையில் பதிந்திருந்த நாத்தனாரின் பாதம் லேசாக அசைந்தது. மூடியைப் பாத்திரத்தின்மேல் பார்த்துப் பார்த்து மெதுவாக வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளைக் குழந்தையோடு எழுப்பி உள்ளே தள்ளினாள். பிறகு போய், யாரும் சொல்லாமலே, கதவைச் சாத்தினாள்.